கடல் நனைத்த காயும் பூங்கொடி அத்தையும்

செவ்வாய்க்கிழமை காலை வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தோம். சோதனைக் குழாயில் வெள்ளை வீழ்படிவு மெல்ல மெல்ல அடிக்கு இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வகுப்பாசிரியை வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடாமல், என்னை மட்டும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெளியே ஆடிக்காற்று மைதானத்து வேப்பமரங்களை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. பள்ளி வாசலில் அப்பா வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

“அத்தை போயிட்டாக ஆத்தா” என்றார்.

அப்பா தன் அக்காவை ஒருநாளும் அத்தை என்று சொன்னதில்லை. அன்று என் உறவைச் சொல்லித்தான் அவரால் அந்த வாக்கியத்தை முடிக்க முடிந்தது.

பூங்கொடி அத்தையை அறிந்தவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்திருக்கும். அறியாதவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

அத்தை பழனிசெட்டிபட்டியில், இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில் பிறந்தவர். பெரியகுளத்தில் வணிகவியல் படித்துவிட்டு, கொச்சியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். அது விசித்திரமான அலுவலகம். நடுக்கடலில் ஒரு கப்பல் ஆபத்தில் சிக்கும். அதைக் காப்பாற்றுவதற்காகச் சிலருடைய சரக்கு பலியாகும். அந்த நட்டத்தைக் கப்பல்காரரும், சரக்குத் தப்பியவர்களும், சரக்கை இழந்தவர்களும் எந்த அளவில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பிரித்து எழுதுவதுதான் அங்கே வேலை. தட்டச்சு செய்யச் செய்ய அத்தைக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சில ஆண்டுகளில் அவரே பங்கு பிரிப்பவர் ஆகிவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு மலையாளத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார் என்று அம்மா சொல்வாள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அத்தை ஊர் திரும்பினார். வேலையை விடவில்லை. கணினியைக் கொண்டுவந்து மேற்குப் பார்த்த அறையில் வைத்துக்கொண்டார். சன்னலைத் திறந்தால் மலை தெரியும். காலையில் மலைமேல் மேகம் படுத்திருந்தால் “இன்னைக்கு அங்கன அலை ஜாஸ்தி” என்பார். எங்கன என்று கேட்டால் செங்கடல் என்பார், அல்லது ஏடன் என்பார். மலைக்கு அந்தப் பக்கம் ஏடன் இருப்பதாகவே எனக்குப் பல நாள் தோன்றியது.

தெருவில் எல்லாருக்கும் அது வேடிக்கை. எங்கள் ஊர்க் கண்மாயிலேயே தண்ணீர் இல்லை, இவர் கப்பலுக்குப் பஞ்சாயத்துச் செய்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பார். அத்தை வாழ்நாளில் கப்பலில் ஏறியதில்லை என்பதுதான் உண்மை. துறைமுகத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் கனவில் கப்பல் வரும். கடலில் வராது. கம்பம் சாலையில், உத்தமபாளையம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு மேலே மெதுவாக வரும். கீற்றுகள் அதன் அடிவயிற்றை உரசும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பால்காரர் மட்டும் தன் வண்டியை ஓரம் கட்டி வழிவிடுவார். இந்தக் கனவை அத்தை காலைக் காப்பியோடு, நேற்று பேருந்தில் யாரைப் பார்த்தேன் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

ஒருமுறை காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு நீளமான லாரி தேனிக்குள் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. கடைக்காரர்கள் எல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை காய்கறிப் பையோடு நடந்துபோய், அந்த வெள்ளை இறக்கையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டுநரிடம் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எத்தனை நாள் கடலில் வந்தது என்று விசாரித்தார். அவருக்குத் தெரியவில்லை. “இவ்வளவு தூரம் வந்துருக்கு, ஒரு கீறல் இல்ல பாருங்க. எத்தனை பேரு கண்ணு முழிச்சிருப்பாக” என்றார் அத்தை. ஓட்டுநர் அன்று முதல்முறையாகத் தன் சரக்கைத் திரும்பிப் பார்த்தார்.

இனி நான் எழுத வேண்டியது என் தவறைப் பற்றி.

எங்கள் குடும்பத்துக்கு மலைமேல், கேரள எல்லை தாண்டி, ஒரு சிறு ஏலத்தோட்டம் உண்டு. உத்தமபாளையத்துக் காசிம் மாமாவுக்கும் அங்கேயே, எங்கள் தோட்டத்தை ஒட்டி, தோட்டம். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவும் காசிம் மாமாவும் வேறு சில விவசாயிகளும் சேர்ந்து, வியாபாரியிடம் கொடுக்காமல் தாங்களே வளைகுடாவுக்குக் காய் அனுப்பினார்கள். ரம்ஜானுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் நல்ல விலை. விற்கும்வரை சரக்கு அனுப்பியவர்களுடையது என்பது ஒப்பந்தம். முதல் முறை என்பதால் காப்பீடு எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு கொள்கலன்கள், ஒரே கப்பல். ஒன்றில் அப்பாவின் மூட்டைகளும் மற்றவர்களுடையதும். இன்னொன்று முழுக்கக் காசிம் மாமாவின் அந்த வருடத்து விளைச்சல்.

வழியில் கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கப்பல்காரர்கள் கடல்நீரை உள்ளே விட்டு அணைத்தார்கள். கப்பல் தப்பியது. கரை சேர்ந்ததும் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் கொட்டை எழுத்தில் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவிக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

ஏலக்காய் விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்கு ஆவரேஜ் என்றால் ஒரே பொருள்தான். ஏல மையத்தில் தினமும் இரண்டு விலை சொல்வார்கள்: ஒன்று உச்ச விலை, மற்றது ஆவரேஜ். உச்ச விலை யாருடைய காய்க்கு என்று ஊரே விசாரிக்கும். ஆவரேஜ் என்பது மற்ற எல்லாருக்கும். அப்பா அனுப்பியது பொறுக்கி எடுத்த எட்டு எம்.எம். பச்சைக் காய். கடிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. காயைப் பார்க்காமலே ஆவரேஜ் போட்டுவிட்டான் என்று கத்தினார். அத்தையைக் கேட்டிருக்கலாம். அலுவலக வேலை என்று சொல்லி அத்தை ஒரு வாரம் கொச்சி போயிருந்தார். வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் நான்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிகுந்த பெருமையோடு, நான் பதில் எழுதினேன். “இந்த ஆவரேஜை நாங்கள் ஏற்க மாட்டோம். எங்கள் காய் ஆவரேஜ் காய் அல்ல. எங்களுக்கு உச்சமே வேண்டும்.” அப்பா அதைத் தமிழில் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்பச் சொன்னார்.

கப்பல்காரர் பேச்சில் ஆவரேஜ் என்றால் விலை இல்லை, அத்தை பிரித்து எழுதும் அந்த நட்டப் பங்கு; எங்கள் பங்கைத் தருவோம் என்று உறுதி கேட்டுத்தான் அந்தக் கடிதம் வந்திருந்தது. என் பதில் போனதும் சரக்கை விடமுடியாது என்று துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது.

அத்தை கொச்சியிலிருந்து வந்து, உடம்பு வாடிப்போய், பையைக்கூட இறக்காமல் என் பதிலைப் படித்தார். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கப்பல் சட்டம் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு பதிலை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்றார். நான் அழத் தொடங்கிவிட்டேன். எல்லாருக்கும் நட்டம் என்னால்தானே, அதில் எனக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டேன். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு வழக்குக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னார்: “தெரியாமப் பண்ணுனதுக்குப் பங்கு பிரிக்க மாட்டாக. எல்லாரையும் காப்பாத்தணும்னு தெரிஞ்சே விட்டுக்குடுத்ததுக்குத்தான் பங்கு. நீ பண்ணுனது வெறும் தப்பு. திருத்தி எழுது, போதும்.”

அன்று மாலை எங்கள் வீட்டு முற்றத்தில் விவசாயிகள் கூடினார்கள். காசிம் மாமா வரவில்லை. அவருடைய கொள்கலன் அடித்தளத்தில் இருந்தது. தீ அதைத் தொடவில்லை. அணைக்க விட்ட கடல்நீர் முழுவதும் அதற்குள்தான் போயிருந்தது. மேல்தளத்தில் இருந்த எங்கள் காய்கள் நனையவே இல்லை.

நனைந்தது ஒருவர் காய் என்றால் மற்றவர்கள் ஏன் கட்ட வேண்டும், தண்ணீர் விட்டது கப்பல்காரன்தானே என்று அப்பா கேட்டார். அத்தை சட்டம் எதுவும் பேசவில்லை. மலைக்குப் போகும் ஜீப்பைப் பற்றிப் பேசினார்.

“கம்பம்மெட்டு ஏத்தத்துல ஜீப்பு பின்னால சறுக்குதுன்னு வைங்க. பிரேக் பிடிக்கல. டிரைவரு ஒரு மூட்டையத் தூக்கி டயருக்கு அடியில குடுக்குறாரு. மூட்டை கிழிஞ்சு காயெல்லாம் நசுங்கிப்போச்சு. ஜீப்பு நின்னுருச்சு. எல்லாரும் பொழைச்சீக. இப்ப அது யாரு மூட்டை?”

“யாரு மூட்டை கைக்கு எட்டுச்சோ அவன் மூட்டை” என்றார் சுருளிவேல் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

“சரி. அப்ப மத்தவுக எல்லாம் அவுகவுக மூட்டையத் தூக்கிக்கிட்டு, வரேண்ணேன்னு போயிருவீகளா?”

சித்தப்பா, ஜீப்புக்காரனுக்கும் பங்கு உண்டா என்று கேட்டார். ஜீப்பும் பிழைத்ததல்லவா, அதனால் உண்டு, கப்பல்காரருக்கும் அப்படித்தான் என்றார் அத்தை. மூட்டை போனவரும் தன் பங்கை ஏற்க வேண்டும், பிழைத்ததில் அவரும் ஒருவர் என்றார். கடைசியில் சொன்னதுதான் அப்பாவை அசைத்தது என்று நினைக்கிறேன். கடல்நீர் உள்ளே வராமல் இருந்திருந்தால் எட்டு எம்.எம். காய் எல்லாம் இப்போது கரியாக இருந்திருக்கும் என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். சரக்கு ரம்ஜானுக்கு நான்கு நாள் முன்னால் வெளியே வந்தது.

அன்று அத்தை எனக்குச் சொன்ன ஒரு செய்தியை இன்னும் வகுப்பில் நினைத்துக்கொள்வேன். அந்த ஆவரேஜ் என்ற சொல் பழுதான சரக்கைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்களாம். மாலுமிகளோடு துறைமுகம் துறைமுகமாகப் போய், கடலில் விழுந்த நட்டத்தை எல்லார் மீதும் பரப்பிப் பார்ப்பதற்குப் பெயராகி, அதற்கப்புறம்தான் கணக்குப் புத்தகத்துக்கு வந்ததாம். எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும்போதெல்லாம், எங்கோ ஒரு நனைந்த மூட்டையை நாற்பது பேர் தொட்டுத் தூக்குவதுபோல எனக்குத் தோன்றும்.

காசிம் மாமாவின் காய் மட்டும் மீதி இருந்தது. மற்ற எல்லாரும் தங்கள் பங்கை ஒப்புக்கொண்டாயிற்று. இழந்தவர் கேட்டால்தான் கிடைக்கும். ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். மாமா கேட்க மாட்டேன் என்றுவிட்டார்.

அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு உத்தமபாளையம் போனார். மாமா ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். நனைந்த காயில் கொஞ்சம் மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். காய்கள் பழுப்பாகி, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முகர்ந்தால் ஏலக்காய் வாசனைக்கு உள்ளே வேறு ஒரு வாசனை, குளிர்ச்சியாக, தூரமாக. அத்தை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் போட்டேன். முதலில் உப்பு, பிறகு காரம், அதற்கப்புறம் நெடுநேரம் இனிப்பு. அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் உத்தமபாளையத்தில் இல்லை.

மாமா நிதானமாகச் சொன்னார்: “கடல் எடுத்துக்கிச்சு தங்கச்சி. அது என் நசீபு, என் தலையெழுத்து. பக்கத்துத் தோட்டக்காரன் பாண்டி, அவன்கிட்டப் போயி என் நசீபுல பாதிய நீ வாங்கிக்கன்னு சொல்லச் சொல்றீகளா?”

பாண்டி என்பது என் அப்பா. அத்தை, இது தானம் இல்லை, உரிமை என்று எடுத்துச் சொன்னார். மாமா தேநீர் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போடவேண்டிய கோரிக்கைத் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் அத்தை மறுபடி போனார். அதற்கடுத்த மாதமும் போனார். தாள் அதே மேசையில், அதே இடத்தில், தூசி மட்டும் துடைக்கப்பட்டு இருக்கும். கொடுப்பவர்களைச் சம்மதிக்க வைக்க ஒரு சாயங்காலம் போதும், வாங்குபவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் போதாது போல என்று திரும்பும் வழியில் அத்தை சொன்னார். அந்த ஆண்டு மாமா மலைக்கு ஆள் வைக்க முடியாமல் தானும் ஜமீலா மாமியுமாகக் காய் பறித்தார்கள். தோட்டத்தை விற்றுவிடப் போகிறார் என்றும் பேச்சு வந்தது. அத்தை நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார்.

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. தொழுகை முடித்துத் தொப்பியோடு காசிம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தத் தாள் இருந்தது. அத்தையின் முகம் மலர்ந்தது. ஆனால் மாமா தாளை மடியில் வைத்துக்கொண்டு வேறு ஒன்று கேட்டார்.

“நேத்துத் தேனி பஸ் ஸ்டாண்டுல தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னீகளே தங்கச்சி, கையில கட்டோட. முந்தின வாரமும் பாத்தேன். விசாரிச்சேன். நாலு மாசமா வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரிக்கு, ரத்தம் சுத்தம் பண்ண, டவுன் பஸ்ஸுல தனியாப் போயிட்டு வாறீகளாம். பாண்டிக்குத் தெரியுமா?”

அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. வங்கி வேலை, நூலகம், கணினி பழுது என்று அத்தை சொன்னதையெல்லாம் நம்பியிருந்தோம். வாழைக்கும் தென்னைக்கும் நடுவில் பிறந்தவர், திடீரென்று வாழைப்பழமும் இளநீரும் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியபோதுகூட நாங்கள் யோசிக்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவை ஆகாது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடிதம் வந்த அந்த ஒரு வாரம் அத்தை கொச்சியில் இருந்தது அலுவலகத்தில் அல்ல, மருத்துவமனையில் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்த் தூறலில் நின்றார்.

மாமா விடவில்லை. “ஒருத்தர் மேல விழுந்தத எல்லாரும் பிரிச்சுக்கிறணும்னு எங்களுக்கெல்லாம் சொன்னீக. அது கப்பலுக்கு மட்டுந்தானா?”

அத்தை அப்போதும் சட்டத்தை விட்டு நகரவில்லை. அவர் சொன்னது சரியான சட்டம்தான். “அண்ணே, அது எல்லாருக்காகவும் விட்டுக்குடுத்ததுக்கு. இது அப்படியில்ல. இது தானா வந்தது. தானா வந்த சேதம் யாரு மேல விழுந்துச்சோ அவுகளோடதான். பங்கு கிடையாது.”

“அப்படியா” என்றார் மாமா. “எனக்குச் சட்டம் தெரியாது. சட்டம் என்னைய வாங்கிக்கச் சொல்லுது, நான் வாங்கல. உங்கள வாங்க வேண்டாங்குது, நீங்களும் வாங்கல. பிடிவாதத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான். என்கிட்ட ஒரு ஜீப்பு இருக்கு. நீங்க அதுல ஏறுறதா இருந்தா, நான் இதுல எழுதுறேன்.” பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அத்தை, இது மிரட்டல் என்றார். ஆமாம் என்றார் மாமா. மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லாது என்றார் அத்தை. செல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள் என்றார் மாமா. அம்மா சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தை சன்னல் பக்கம் திரும்பினார். மழையில் மலை தெரியவில்லை. வெறும் வெள்ளைதான் இருந்தது.

“எத்தனை மணிக்கு வரும் ஜீப்பு?” என்றார்.

மாமா குனிந்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

அதற்குப் பிறகு செவ்வாய் அப்பாவின் முறை. வியாழன் காசிம் மாமாவுக்கு. சனிக்கிழமை சுருளிவேல் சித்தப்பாவுக்கு. அப்பா முதல் இரண்டு வாரம் அத்தையிடம் பேசாமலே வண்டி ஓட்டினார். மூன்றாவது வாரம், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். உனக்குத் தோட்டம் இருக்கிறது, இந்தப் பிள்ளை இருக்கிறாள் என்று அத்தை சொன்னாராம். எங்கள் மூட்டை நனையக் கூடாது என்று உன் மூட்டையை மட்டும் நனைத்துக்கொண்டாயா என்று அப்பா கேட்டதாக அத்தையே என்னிடம் சொன்னார். “உங்கப்பனுக்கு சட்டம் என்னைய விட நல்லாப் புரிஞ்சிருச்சு” என்றார்.

வியாழக்கிழமைகளில் விடுமுறை வந்தால் நானும் போவேன். போகும்போது அத்தை நிறையப் பேசுவார். திரும்பும்போது களைத்து, என் தோளில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருப்பார். சாலையின் இரண்டு பக்கமும் வயல் நீரில் வானம் கிடக்கும். தென்னை வரிசைகள் பின்னால் நகரும். காற்று வீசினால் நெல் முழுவதும் ஒரே திசையில் சரிந்து எழும். மாமா ஜீப்பை நகர்வதே தெரியாமல் ஓட்டுவார். அத்தை கண்ணைத் திறக்காமல், “மெதுவாப் போங்கண்ணே, அலை ஜாஸ்தி” என்பார். “கரை தெரியுது தங்கச்சி, பயப்படாதீக” என்பார் மாமா. அது விளையாட்டா, கனவா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஜீப் சாலைக்கு வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அளந்து கொடுக்கும் தண்ணீரை அத்தை சின்ன வெள்ளித் தம்ளரில் ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்கும் நடுவில் ஒரு பக்கம் படிப்பார். கடைசி வாரம்வரை வேலை செய்தார். காசிம் மாமாவின் கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கொச்சியிலிருந்து தகவல் வந்த அன்று, எங்கள் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டார். “கப்பல் பங்கு வந்து சேர வருஷக்கணக்கா ஆகும். வரும்போது நான் இருக்க மாட்டேன். அந்த மனுசன் வேண்டாம்பாரு. விட்டுறாதீக” என்றார். அப்பா தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. நான் இருக்க மாட்டேன் என்ற சொற்களுக்கும் சேர்த்துத் தலையாட்டியதாக ஆகிவிடுமோ என்று அசையாமல் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு அழைக்கப் போனபோது அத்தை சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடி மடியில் இருந்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அஸ்தியைச் சுருளியில் கரைக்கப் போனோம். காசிம் மாமா காலையிலேயே வந்து ஜீப்போடு வாசலில் நின்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். வழி முழுக்க மாமா அன்றும் நகர்வதே தெரியாமல்தான் ஓட்டினார். அங்கே போனதும் அவர் ஜீப்பருகிலேயே நின்றுகொண்டார். நாங்கள் ஆற்றுப் படிகளில் இறங்கினோம். பாதிப் படியில் அப்பா நின்று திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, இங்கன வாங்க” என்றார். “எனக்குக் கனக்குது. ஒரு கை பிடிங்க.”

ஒரு சிறு கலயம். அதில் என்ன கனம் இருக்கும்? மாமா தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முழங்கால் நீரில் நின்று, கலயத்தைச் சாய்த்தார்கள். சாம்பல் சட்டென்று கரையவில்லை. நீரின் மேல் ஒரு சாம்பல்நிற மேகமாக விரிந்து, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல அங்கேயே சுற்றிவிட்டு, பிறகு போனது. மாமாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஏதோ ஓதுகிறார் என்று நினைத்தேன். முடிவில் தமிழில், தண்ணீரைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“பங்கு வந்தா வாங்கிக்கிறேன் தங்கச்சி.”

சுருளி முல்லையாற்றில் சேர்கிறது. முல்லையாறு வைகையில் சேர்கிறது. வைகை கடலைச் சேராத ஆறு என்பார்கள். வழியெல்லாம் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடலுக்கென்று எதுவும் மிச்சம் வைக்காத ஆறு. அதனால் எங்கள் அத்தை எந்தக் கடலுக்கும் போகவில்லை. நாற்று நட்டிருக்கும் யாரோ ஒருவருடைய வயலில், அடுத்த வயலில், அதற்கடுத்த வயலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருப்பார்.

மெதுவாகப் போங்கள் அத்தை.